கம்பளி போர்த்திய மாரி

1

கும்பாபிஷேக மலர்க் குழுவினரின் கடிதம் கிடைத்தது. என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறீர்கள். எழுதுவதற்கு நான் சிரமப்பட வேண்டாம் என்று தலைப்பையும் நீங்களே போட்டு அனுப்பிவிட்டீர்கள்: 'கடல் கடந்த நம்மூர்ப் பாட்டு'. நம் மாரியம்மன் கோயில் பாட்டு இலங்கைத் தேயிலை மலைகளில் எப்படிப் பரவியது, அதில் என் பங்கு என்ன என்று விளக்க வேண்டுமாம். இந்த இடத்தை நான் சத்தமாகப் படித்தபோது அடுப்படியிலிருந்து என் மனைவி சிரித்தாள். என் பங்கு என்ன என்று அவளுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் இங்கே வந்து இந்த மாதத்தோடு பதினைந்து வருஷம் ஆகிறது. நாற்பத்தெட்டாம் வருஷம் கொட்டகலை ஸ்டேஷனில் விடியற்காலைப் பனியில் இறங்கினேன். கையில் ஒரு தகரப் பெட்டி. அதில் பாதிக்கு மேல் இலக்கணப் புத்தகங்கள். ஸ்வெட்டர் கிடையாது. தமிழ் கற்பிக்கப் போகிறவனுக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று நினைத்திருந்தேன். முதல் வாரம் தொல்காப்பியத்தைத்தான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூங்கினேன். பக்திக்காக அல்ல, அது கனமான புத்தகம், கொஞ்சம் குளிரைத் தடுத்தது. இரண்டு வருஷத்தில் திரும்பிவிடுவேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தவன். அந்த இரண்டு வருஷம் இன்னும் முடியவில்லை.

எங்கள் தோட்டம் பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கிறது. பள்ளிக்கூடம் என்பது தகரக் கூரை போட்ட ஒரே கூடம். ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார். அந்த ஒருவனும் நானே என்பதால் ஊருக்கு எழுதும் கடிதங்களில் என்னைத் தலைமையாசிரியர் என்று குறிப்பிட்டுக்கொண்டேன். நீங்களும் அப்படியே நம்பி, கடித உறையில் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். தபால்காரர் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இங்கே இருப்பதற்கு எனக்கு ஒரு அனுமதிச் சீட்டு உண்டு. அதைப் புதுப்பிக்க நுவரெலியா கச்சேரிக்குப் போக வேண்டும். கச்சேரி என்றால் இங்கே அரசாங்க அலுவலகம். ஒருமுறை 'நேற்று முழுவதும் கச்சேரியில் உட்கார்ந்திருந்தேன், பிரமாதமாக ஒன்றும் இல்லை' என்று மைத்துனருக்கு எழுதினேன். பக்கவாத்தியம் யார் என்று கேட்டுப் பதில் போட்டிருந்தார்.

என் மகள் மங்கைக்குப் பதினொரு வயது. பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளோடு சிங்களத்தில் சண்டை போடுவாள், தமிழில் சமாதானம் ஆவாள். நம்மூரைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால், "ஒங்க ஊர்லயாப்பா?" என்று கேட்பாள். நம்ம ஊர் என்று திருத்துவேன். தலையாட்டிவிட்டு, அடுத்த கேள்வியிலும் உங்க ஊர் என்பாள். திருத்துவது என் தொழில். அதனால் வந்த வினையைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

2

வந்த முதல் வருஷம் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. கரகத்தை ஜோடித்து எடுத்துக்கொண்டு வரும்போது பெண்கள் பாடத் தொடங்கினார்கள். நான் கூட்டத்தின் ஓரத்தில், கடன் வாங்கிய கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு நின்றிருந்தேன். முதல் அடி காதில் விழுந்ததுமே எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பனியில நடுங்குறியே தாயே மாரி
பக்கத்துல வந்து நில்லு
கம்பளியப் போத்திவிட்டோம் தாயே மாரி
கண்ணத் தொறந்து பாரு

நம்ம பாட்டு. சித்திரைத் திருவிழாவில் கண்டிக்காரர் வீட்டு ஆண்கள் முன்னே நின்று எடுத்துக்கொடுக்க, நாமெல்லாம் வியர்வை வழிய வழியப் பாடுகிற அதே பாட்டு, அதே மெட்டு. நான் அழுதுவிட்டேன். கோட்டுக்காரர் பக்கத்தில் நின்றதால் கோட்டின் கையில் மூக்கைத் துடைக்கவும் முடியவில்லை. அம்மாவின் முகம், தேர்முட்டி, கானல் பறக்கும் மண் ரோடு எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தன. இந்தப் பாட்டுக்கு மட்டும் அந்தச் சக்தி உண்டு. இப்போதும் உண்டு. அதை நான் கேலி செய்யவில்லை.

ஆனால் அழுது முடித்ததும் நான் செய்த காரியம் என்ன தெரியுமா? இது எங்கள் ஊர்ப் பாட்டு, எங்கள் ஊர்க் கோயிலில் ராஜா காலத்திலிருந்து பாடுவது, அங்கிருந்து வந்த யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அங்கேயே அறிவித்தேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். "அப்படீங்களா" என்றார்கள். தோட்டத்தில் "அப்படீங்களா" என்று சொன்னால் பல அர்த்தம் உண்டு என்பது எனக்குத் தெரியப் பத்து வருஷம் ஆனது.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. துறையூர்ப் பக்கத்தில், சித்திரை மாதத்தில், கிணறு வற்றிக் காக்கை வாயைப் பிளந்துகொண்டிருக்கும் நேரத்தில், நாம் ஏன் அம்மன் பனியில் நடுங்குகிறாள் என்று பாடுகிறோம்? அவளுக்கு ஏன் கம்பளி போர்த்துகிறோம்? அம்மனுக்கு அம்மைக் காய்ச்சல், அதனால் குளிர் நடுக்கம் என்று நம்மூரில் ஒரு விளக்கம் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. கம்பளி என்பது மாயை, பனி என்பது ஆணவ மலம் என்று மூன்று பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதி, நம் வாசகசாலை ஆண்டு விழாவில் படித்தேன். கைதட்டினீர்கள். அந்தக் கட்டுரை யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து அடுப்பில் போட்டுவிடுங்கள்.

இங்கே தோட்டத்தில் வருஷத்துக்கு ஒருமுறை தொழிலாளர்களுக்குக் கம்பளி கொடுப்பார்கள். மழையிலும் பனியிலும் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு அதுதான் குடை, அதுதான் போர்வை. கம்பளி வந்த அன்றைக்கு முதல் கம்பளியைக் கோயிலுக்குக் கொண்டுபோய் அம்மன் கல்லின் மேல் போர்த்திவிட்டுத்தான் மற்றவர்கள் வாங்குவார்கள். இதை ஒவ்வொரு வருஷமும் என் கண்ணால் பார்த்தேன். நம்மூர்ப் பாட்டைக் கேட்டு இப்படி ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டிருக்கிறார்களே என்று பெருமைப்பட்டேன்.

3

இங்கே பாடும் பாட்டில் நம் பாட்டில் இல்லாத நாலு வரி இருந்தது. கரகம் கோயில் வாசலை நெருங்கும்போது பெண்கள் குரலைத் தாழ்த்திப் பாடுவார்கள். எடுத்துக்கொடுப்பவர் ராமாயி. கொழுந்து பறிப்பதில் தோட்டத்திலேயே அவர் கைதான் வேகம் என்பார்கள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அவரை ராமாயி என்றும் வா போ என்றும்தான் பேசிக்கொண்டிருந்தேன். அவர் என்னை வாத்தியாரையா என்பார்.

தம்புள்ளக் காட்டுக்குள்ள தாயே மாரி
தனியா ஒரு புள்ள தூங்குது
பவளாயி பேரச் சொல்லித் தாயே மாரி
பக்கத்துல காவல் இரு

மூலத்தில் இல்லாதது. இடைச்செருகல். நம்மூர்ப் பெயர் தெரியாத யாரோ, மலைக்கு வடக்கே காட்டுப் பக்கம் இருக்கும் தம்புள்ளையை நுழைத்திருக்கிறார்கள். அம்மன் பாட்டில் பவளாயி எங்கிருந்து வந்தாள்? ஏதோ சிறுதெய்வம் போலிருக்கிறது என்று முடிவுகட்டினேன். பாட்டைச் செம்மைப்படுத்தி, நாலு வரியை நீக்கி, ஹட்டனில் ஒரு அச்சகத்தில் ரோஸ் நிறத் தாளில் அடித்துக்கொண்டு வந்தேன். கீழே 'பதிப்பாசிரியர்' என்று என் பெயர். அது மட்டும் பாட்டைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் விழுந்துவிட்டது. அச்சகத்தார் மேல் பழி போட்டேன். நான்தான் கேட்டு வாங்கினேன்.

தாளை லயத்துக்கு லயம் கொடுத்தேன். லயம் என்பது தொழிலாளர் குடும்பங்கள் வசிக்கும் நீண்ட வரிசை வீடுகள், ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தேன். அடுத்த திருவிழாவில் பெண்கள் பழக்கத்தில் அந்த நாலு வரியைத் தொட்டபோது, எங்கள் மங்கை முன்னால் போய் நின்று அச்சுத்தாளைத் தூக்கிக் காட்டினாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. "அது தப்பு, அப்பா போடல" என்றாள். எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். நான் அவளை மடியில் உட்காரவைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து நாலு வருஷம் அந்த வரிகளை யாரும் பாடவில்லை. வாத்தியார் சொல்லிவிட்டார், அச்சிலும் வந்துவிட்டது. அப்புறம் யார் பேசுவது?

4

சென்ற தை மாதம் ராமாயிக்குக் கச்சேரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் வந்த வருஷம் போட்ட சட்டம் தோட்டத்து ஜனங்களின் பிரஜாவுரிமையைப் பறித்திருந்தது. அதைக் கேட்டு அவர் போட்ட மனு பல வருஷமாகக் கிடப்பில் இருந்தது. இப்போது விசாரணைக்கு வரச் சொல்லி, குடும்ப விவரங்களைச் சத்தியக் கடதாசியாக, அதாவது உறுதிமொழிப் பத்திரமாக, எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். இந்தத் தோட்டத்திலேயே பிறந்து, இந்தத் தோட்டத்திலேயே கொழுந்து பறித்துக் கை காய்த்துப்போனவர், தான் இந்த நாட்டில் இருப்பதை ருசுப்படுத்த வேண்டும். பெட்டியோடு வந்து இறங்கிய எனக்கு அனுமதிச் சீட்டு உண்டு. அவருக்கு அதுவும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தார். நான் நாற்காலியில், அவர் வாசற்படியில். தாயார் பெயர் மூக்காயி. மூன்று வருஷம் முன்னால் இறந்துபோனார். எங்கிருந்து வந்தவர் என்று கேட்டேன். நம்மூர்ப் பெயரைச் சொன்னார். பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, கிழக்குச் சேரியிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. நம் கோயில் வாசற்கதவு இப்போது சட்டப்படி திறந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். எவ்வளவு அகலத்துக்கு என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

உடன்பிறந்தவர்கள் என்று ஒரு கட்டம். ஒரு அக்கா என்றார். உயிரோடு இருக்கிறாரா? இல்லை. வருகிற வழியிலேயே போய்விட்டாள், தான் பிறப்பதற்கு ரொம்ப வருஷத்துக்கு முன்னால் என்றார். இறப்புச் சான்று? கிடையாது. எனக்குக் கச்சேரி நடைமுறை அத்துப்படி என்று ஒரு எண்ணம். சான்றில்லாத ஆளை எழுதினால் நூறு கேள்வி கேட்பான், இந்தப் பெயரை எடுத்துவிடலாம், விண்ணப்பம் சுத்தமாக இருக்கும் என்றேன்.

ராமாயி குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"ஒரு தடவ எடுத்தீங்க, நாங்க ஒண்ணுஞ் சொல்லல. ரெண்டாந் தடவையும் எடுக்கணுங்களா?"

நான் எப்போது எடுத்தேன் என்று கேட்டேன். நிஜமாகவே எனக்குப் புரியவில்லை.

"பவளாயிங்க. எங்கக்கா. பாட்டுல இருந்துச்சுங்களே."

அதற்குப் பிறகு அவர் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் ரயில் கிடையாது. மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக நடந்தே மலைக்கு வர வேண்டும். மூக்காயி கைக்குழந்தைப் பருவம் தாண்டிய மகளோடு நடந்திருக்கிறார். தம்புள்ளைப் பக்கத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. அங்கேயே புதைத்துவிட்டு, கூட்டம் மறுநாள் விடிந்ததும் நடக்கத் தொடங்கிவிட்டது. நின்றால் மற்றவர்களும் செத்துப்போவார்கள். திரும்பிப் போய் அந்த இடத்தைப் பார்க்க மூக்காயிக்கு வாழ்நாளில் வழியில்லை. மலைக்கு வந்த முதல் பனிக்காலத்தில், தங்களுக்குக் கொடுத்த கம்பளியில் ஒன்றைக் கல்லுக்குப் போர்த்தி, அந்தக் கூட்டம் சேர்ந்து கட்டிய பாட்டு அது. நாலு வரியை மூக்காயி கட்டினார். மகளைப் புதைத்த இடத்தில் ஒரு கல்கூட நடவில்லை. அந்த நாலு வரிதான் அவளுக்கு இருந்த ஒரே அடையாளம்.

நான் பதிப்பாசிரியர். அதை எடுத்துவிட்டேன்.

மூக்காயி கடைசி ஒரு வருஷம் லயத்து அறையில் படுக்கையில் கிடந்தார். கோயிலில் பாடுவது அங்கே கேட்கும். பாட்டு முடிந்து மகள் வந்ததும், அக்கா பேரைச் சொன்னீங்களா, எனக்குக் கேட்கலையே என்று கேட்டாராம். சொன்னோம், காற்று மாறி அடிச்சது என்று ராமாயி பொய் சொன்னாராம். சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அவர் காதோடு அந்த நாலு வரியையும் பாடினாராம்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கும் அளவுக்கு எனக்கு அறிவு குறைவு. கேட்டேன்.

"நீங்க படிச்சவங்க. ஆசையா அச்சடிச்சுக் கொண்டாந்தீங்க. ஒங்க மொகத்தப் பாத்துட்டு எப்படிங்க சொல்றது?"

சத்தியக் கடதாசியில் பவளாயி பெயரை எழுதினேன். எழுத்துப்பிழை இல்லை. கச்சேரியில் அதிகாரி அந்தப் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு போட்டு, சான்று எங்கே என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். சான்று இல்லை, ஆள் உண்டு என்று ராமாயி பதில் சொன்னார். அறிவிப்போம் என்றார்கள். இன்னும் அறிவிக்கவில்லை.

5

அப்படியானால் பாட்டு நம்மூருக்கு எப்படி வந்தது? இது உங்களுக்கு முக்கியமான கேள்வி. மூக்காயியோடு நடந்த கூட்டத்தில் நம்மூர்க்காரர் ஒருவர் கணக்கெழுதும் வேலைக்கு வந்திருந்தாராம். பத்து வருஷம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டாராம். அவரைத்தான் நாம் கண்டிக்காரர் என்கிறோம். கண்டிச் சீமைக்குப் போய் வந்ததால் கண்டிக்காரர். அந்த வீட்டார்தான் நம் பாட்டை எடுத்துக்கொடுக்கிறார்கள். இரண்டையும் நாம் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்க நமக்கு ஒருநாளும் தோன்றவில்லை. இலக்கணம் படித்த எனக்குமே தோன்றவில்லை.

கண்டிக்காரர் மகனுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டேன். அவர் இப்போது பார்வை மங்கி வீட்டோடு இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். யாரையோ கொண்டு எழுதச்சொல்லி ஒரு தபால் அட்டை போட்டார். பாட்டு தன் அப்பா அங்கிருந்து கொண்டுவந்ததுதான், ராஜா காலத்துப் பாட்டு என்று ஊர்க்காரர்கள் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார் என்று எழுதியிருந்தார். அந்த நாலு வரியும் அப்பாவுக்குத் தெரியும். ஆனால் ஒருநாளும் வாய்விட்டுப் பாடியதில்லை. காட்டில் அந்தக் குழியைத் தோண்டியவர் அவர்தானாம்.

அவர் தாங்க முடியாமல் விட்ட வரிகள் நம் பாட்டில் இல்லாமல் போயின. நம் பாட்டில் இல்லை என்று நான் இங்கே எடுத்தேன். இதுதான் என் ஆராய்ச்சி.

அட்டை வந்த அன்று மாலையே ராமாயி வீட்டுக்குப் போனேன். பதினைந்து வருஷத்தில் அந்த லயத்து அறைக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. மூலையில் மூக்காயியின் பழைய கம்பளி மடித்து வைத்திருந்தது. ராமாயி அக்கா என்று கூப்பிட்டேன். அவர் திரும்பி, தன் பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தார். பாட்டை முழுசாகச் சொல்லித்தர வேண்டும் என்றேன். அம்மா போன அன்றோடு அதை முடித்துவிட்டேன், இனிமேல் எதற்கு என்று மறுத்துவிட்டார். நியாயம்தான். திரும்பி வந்தேன். அடுத்த வாரம் மறுபடியும் போனேன். அதற்கு அடுத்த வாரமும். மூன்றாவது தடவை மங்கையும் கூட வந்தாள். தாளைத் தூக்கிக் காட்டியதை அவள் மறக்கவில்லை. நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே, "நாந்தான் தப்புன்னு சொன்னேன் பெரியம்மா" என்றாள். ராமாயி அக்கா அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

என்னையும் பாடச் சொன்னார். பாடினேன். என் குரலைக் கேட்டு லயத்தின் அடுத்த அறையிலிருந்து இருவர் வந்து எட்டிப் பார்த்தார்கள். ராமாயி அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, நீங்க எழுதிக்கிறதோட நிறுத்திக்கங்க, புள்ள பாடட்டும் என்றார்.

6

இந்த வருஷத் திருவிழாவில் கரகம் கோயில் வாசலை நெருங்கியது. ராமாயி அக்கா குரலைத் தாழ்த்தி எடுத்தார். வயதான பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களோடு மங்கையும், என்னிடம் தப்பாகப் படித்த பிள்ளைகளும். பவளாயி பேரைச் சொன்னபோது எனக்குத் தேர்முட்டியோ மண் ரோடோ நினைவுக்கு வரவில்லை. பார்க்காத ஒரு காட்டைத்தான் நினைத்தேன். நான் பாடவில்லை. எனக்கு அனுமதி இல்லை.

ஆகவே மலர்க் குழுவினரே, நீங்கள் கேட்ட தலைப்பை வைத்துக்கொள்ளலாம். பாட்டு கடல் கடந்தது உண்மை. திசைதான் வேறு. பாட்டை முழுசாக இத்துடன் எழுதி அனுப்புகிறேன். கும்பாபிஷேகத்தன்று அந்த நாலு வரியும் நம் கோயிலில், உள்ளே, பாடப்பட வேண்டும். பவளாயி பிறந்த ஊர் அதுதான். இடைச்செருகல் என்று யாராவது நீக்கச் சொன்னால் என் கட்டுரையையும் சேர்த்து நீக்கிவிடுங்கள். அந்த வேலையில் எனக்கு அனுபவம் உண்டு, வருத்தப்பட மாட்டேன்.

நேற்று இந்தக் கட்டுரையை ராமாயி அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு எழுதப்படிக்கத் தெரியாது. முழுவதும் கேட்டார். கம்பளி மாயை என்று நான் எழுதிய இடத்தில் சிரித்தார். தன் அம்மா வரும் இடத்தில் மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். முடிந்ததும், ஊர்க்காரர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார்.

"பாட்டுல பேரு வர்றதால பெரிய மனுசின்னு நெனச்சுக்கப் போறாங்க. மூணு வயசுன்னு எழுதுங்க. பாதி வழி அவளாவே நடந்து வந்தாளாம், அதையும் எழுதிருங்க."

எழுதிவிட்டேன்.